அசையாத பஞ்சாரம்

குட்டையை விட்டு ஏரிக்குக் குடிபோகக் கிளம்பிய தவளை ஒன்று, கால் வலிக்க எதற்கு நடப்பானேன் என்று எருமை முதுகில் ஏறிக்கொண்டது. ஆனால் கொக்கு பயம் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தை முணுமுணுத்தது. கோழியை மூடுகிற பஞ்சாரம் போல ஒரு மாயக்கூடை வந்து அதன்மேல் கவிழ்ந்தது.

"என்ன ஆனாலும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

"உத்தரவுங்க," என்றது பஞ்சாரம்.

எருமை நடந்தது. பஞ்சாரம் நடக்கவில்லை. கூடையின் விளிம்பு தவளையைப் பிடித்து நிறுத்த, எருமையின் முதுகு அதன் அடியிலிருந்து நழுவிப் போயேபோய்விட்டது. தவளை சேற்றில் விழுந்தது. பஞ்சாரம் மட்டும் அந்தரத்தில் நின்றது.

"அட பாவி, கீழே வா!"

"அசையாதேன்னு சொன்னீங்களே."

"நான் சொன்னது எருமை முதுகை."

"முதுகு போயிடுச்சுங்க. இடம் இங்கேதான் இருக்கு."

எருமையின் பின்னால் பூச்சி பொறுக்கிக்கொண்டு வந்த கொக்கு நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. தவளை மூக்குவரை சேற்றில் புதைந்துகொண்டது.

மேலேயிருந்து பஞ்சாரம் பெருமையாகச் சொன்னது: "கவலையே படாதீங்க. இதுவரைக்கும் ஒரு கொக்குகூட உள்ளே வரலை."