தெருவைப் பார்த்த செடிச்சுவர்

“அம்மா, எதிர்வீட்டு அன்புச்செல்வி அக்கா நம்ம செடியைத் திருடுறாங்க.”

குவைத்தில் கம்பெனி ரூம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, போனில் கத்தாத குறையாகச் சொன்னான் சரவணக்குமார். வெள்ளிக்கிழமை, வேலை இல்லை. ரூமில் மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். இவனுக்குப் பொழுதுபோக்கே ஆலங்குடி வீட்டு சன்ஷேடுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் மாட்டிவிட்டு வந்த கேமராதான்.

அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. வேப்பமரத்தடியில் நாய் படுத்திருக்கும். அம்மா வாசலைப் பெருக்குவாள். அதைப் பார்த்தாலே இவனுக்குக் கொஞ்சம் தனிமை குறையும்.

இன்றைக்குத்தான் படம் சூடு பிடித்தது. அன்புச்செல்வி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மணி பிளான்ட் கொடியில் ஒரு முழத்தைக் கிள்ளினாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

“சரி, விடுப்பா,” என்றாள் அம்மா ராசாத்தி.

“என்னம்மா விடுறது? போன வாரம் டெய்லர் வீட்டம்மா. அதுக்கு முந்தி ரத்தினவேல் மாமா. ரிட்டயர்டு வாத்தியார், அவரே இப்படிப் பண்ணா எப்படி?”

அவனுக்கு வயிறு எரிந்தது. அது அவன் கையால் கட்டிய செடிச்சுவர். அப்பா அழகுமலை தவறிய பிறகு முதல் லீவில் வந்தவன், “ஒனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டான். ஏசி வேண்டாம், வாஷிங் மெஷின் வேண்டாம். சுவர் முழுக்கச் செடி வளர்ப்பதைப் போனில் பார்த்தாளாம், அதுதான் வேண்டும் என்றாள்.

இரும்புச் சட்டம் அடித்து, கம்பி வலை கட்டி, வரிசையாகத் தொட்டிகளை மாட்டி, சொட்டுநீர் டியூபும் இழுத்தான். அம்மா தென்னைநார்த் தூளையும் மண்ணையும் பிசைந்து நிரப்பிக் கொடுத்தாள்.

கட்டும்போதே சண்டைதான். நீ உட்கார்ந்து பார்க்கிற மாதிரி உள்பக்கம் வைக்கலாம் என்றான். இல்லை, காம்பவுண்டுச் சுவரில் தெருப்பக்கம் என்றாள். கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டலாம் என்றான். நெஞ்சு உயரம் போதும் என்றாள். பூச்செடியும் கலந்து வைப்போம் என்றான். எல்லாமே மணி பிளான்ட்தான் என்றாள்.

“யாருக்கும்மா இந்த ஷோ?” என்று அன்றைக்கே கேட்டான். புருசன் போன வீட்டுக்கு இம்புட்டு அலங்காரம் எதுக்கு என்று தெருவும் அதையேதான் கேட்டது.

“இந்த வீடியோவைத் தெரு வாட்ஸ்அப் குரூப்புல போடப்போறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

“சரவணா, வேணாம்.”

“வாயைத் தொறந்து கேட்டா நீயே குடுக்க மாட்டியா?”

“அது கேட்டு வாங்கி வைக்கிற செடி இல்லப்பா. களவாண்டு வச்சாத்தான் தழைக்கும்னு சொல்லுவாங்க.”

“களவாங்குறதுக்கு மட்டும் நம்ம வீடு வேணுமா? நானும் தெனம் பாக்குறேன். நம்ம கேட்டைத் தொறந்து ஒருத்தராச்சும் உள்ள வந்திருக்காங்களா?”

கோபத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்பா இருந்தவரை, தெருவில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் அடுப்பைப் பற்றவைக்க ராசாத்தியைத்தான் கூப்பிடுவார்கள். ராசியான கை என்பார்கள்.

“அன்பு எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு தெரியுமா?” அம்மாவே பேச்சைத் தொடர்ந்தாள். “நம்ம ஹரிணி புதுக்கோட்டையில வீடு கட்டியிருக்கால்ல. ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறாங்க. அங்க வைக்கத்தான்.”

அன்புச்செல்வி வேலைக்குப் போன நாளெல்லாம் அவள் மகள் ஹரிணி இந்த வீட்டில்தான் சோறு தின்றாள். அம்மா மடியில்தான் தூங்கினாள்.

“நீ போறியாம்மா?”

“கூப்புட்டாங்க.”

“எத்தனை மணிக்கு?”

ராசாத்தி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “பால் காய்ச்சி, சாமி கும்பிட்டு முடிச்சப்புறம் மெதுவா சாப்பாட்டுக்கு வாங்கக்கான்னா.”

“எல்லாம் முடிஞ்சப்புறமா?” என்றான் சரவணக்குமார்.

“பரவாயில்லப்பா. ஹரிணிக்குன்னு ஒரு குத்துவெளக்கு வாங்கி வச்சிருந்தேன். போன வாரம் கொண்டுபோனேன். அன்பு கையை நீட்டல. ‘அங்கிட்டு வச்சிட்டுப் போங்கக்கா’ன்னா. மறுநா பாத்தா அவங்க வண்டி நிறுத்துற ஷெட்டுல கெடக்கு.”

“இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ அங்கிட்டு உக்காந்துக்கிட்டு அழுவே. வேற என்ன செய்வே?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகை போய்க் கோபம் திரும்ப ஏறியது.

“இப்பக் கண்டிப்பாப் போடுறேன். அந்தம்மா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறாங்கன்னு பாப்போம்.”

“போட்டேன்னா அப்புறம் ஒருத்தரும் கிள்ள மாட்டாங்க. எடுத்துட்டுப் போனதையும் தூக்கிப் போட்டுருவாங்க.”

“போடட்டுமே. ஒனக்கு என்ன நட்டம்?”

ராசாத்தி கோபப்படவில்லை. சந்தையில் காய் என்ன விலை என்று சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள்.

“இந்தச் செவுத்தை எதுக்குய்யா கட்டச் சொன்னேன்? நான் குடுத்தா வாசலோட நின்னுரும். திருடிட்டுப் போனாத்தான், ஹரிணி வீட்டு நடுக்கூடத்துல இருக்கும்.”