பச்சைத் தண்ணீர்

“கருப்பிக்கு விஷம் வெச்சது எதிர் ஊட்டு ஆளுதானுங்க. சூடத்தை அடிச்சு வேணாலும் சத்தியம் பண்றேன்.”

தேவிப்பிரியா இதைச் சொன்னது காருக்கு அடியில் படுத்திருந்த கணவன் செந்தில்வேலிடம். வெளியே தெரிந்தது அவர் கால்கள் மட்டும்தான்.

“சத்தியத்தை அப்பறம் பண்ணிக்கலாம். அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு தேவி.”

நெருப்பெரிச்சல் பகுதியில் சொந்தமாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் செந்தில்வேல். அந்த மெஷினையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ஒரு வாட்டர் பம்ப் எம்மாத்திரம் என்று, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ராயபுரம் வீட்டு வாசலிலேயே பழைய காரின் பானட்டைத் திறந்துவிட்டார்.

தேவிப்பிரியாவுக்குக் காரைப் பற்றிக் கவலையே இல்லை. தெருநாய்களுக்கு மூன்று வேளையும் சோறு வைக்கிறவள் அவள். கருப்பி போன வாரம் வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் தள்ளாடி, அவள் மடியிலேயே உயிரை விட்டது.

அன்றிலிருந்து அவள் கண் அழகுமலை மேல்தான்.

அழகுமலை விருதுநகர்ப் பக்கத்துக்காரர். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். எதிர் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறார். யாரிடமும் வம்பில்லை. நாயைக் கண்டால் மட்டும் குச்சியைத் தூக்கிவிடுவார். அதுவும் தன் வீட்டு வாசலில் அல்ல, இவர்கள் கார் பக்கம் வருகிற நாய்களை!

“வெடியால எந்திரிச்சு ட்யூப்பைப் போட்டு நம்ம வாசலைக் கழுவி உடறாருங்க. அவரூட்டு வாசலா இது?”

“அதான் எனக்கும் புரியல.”

“இதுல புரிய என்ன இருக்குதுங்க? விஷம் வெச்ச எடத்தைக் கழுவறாரு. அவரு குடியிருக்கற ஊட்டுக்காரர் மருதாசலத்தண்ணன்கிட்டச் சொல்லிப்போட்டேன். காலி பண்ணச் சொல்றேன்னுட்டாரு.”

செந்தில்வேல் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முழங்கை வரை கிரீஸ்.

“நீ சொல்றது இருக்கட்டும். வண்டில ஏதோ ஒழுகுதுன்னு எங்கிட்டச் சொன்னதே அவருதான். நானும் கூலன்ட் ஊத்தி ஊத்திப் பார்க்கறேன், கொறைஞ்சுட்டேதான் இருக்குது. காத்தால கீழ பார்த்தா ஒரு சொட்டுக் கறை இல்லை. இன்ஜினே உள்ளுக்குள்ள குடிக்குதோன்னு பயந்துபோயிட்டேன்.”

இன்ஜினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சைக் கூலன்டைப் பழைய போசிப் பாத்திரம் ஒன்றில் வடித்து, ஓரமாக வைத்தார். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பம்பை வெளியே உருவினார்.

“இங்க பாரு.”

பம்பின் அடியில் சின்னதாக ஒரு துளை. அதிலிருந்து பச்சைக் கறை வழிந்து காய்ந்திருந்தது.

“உள்ள சீல் போயிருச்சு. நல்லாவே ஒழுகியிருக்குது. அப்ப அத்தனை தண்ணியும் எங்கதான் போச்சு?”

அவர் யோசித்துக்கொண்டே புதுப் பம்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, தேவிப்பிரியா சோறு வைக்கும் செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்து, போசிக்குள் மூக்கை நீட்டியது.

“ஏய்! போ! போ அங்கிட்டு!”

வெறுங்காலோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார் அழகுமலை. கையிலிருந்த குச்சி தரையில் அறைந்த அறையில் செவலை கத்திக்கொண்டு ஓடியது. குச்சியை எறிந்துவிட்டு, போசியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பச்சைத் தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது.

தேவிப்பிரியா வெடித்தாள். “ஏனுங்க, உங்களுக்கு ஈவு எரக்கமே இல்லீங்களா? வாயில்லாத ஜீவன், தாகத்துக்கு வாய் வெச்சா அடிப்பீங்களா? ஒண்ணைக் கொன்னது பத்தலீங்களா?”

“யக்கா, இது தண்ணி இல்லக்கா.” அவருக்கு மூச்சு வாங்கியது. “கூலன்ட். இனிப்பா இருக்கும். நாய் நக்குனா கிட்னி போயிரும், பொழைக்காது. ஊர்ல நான் வளத்த நாய் இப்படித்தான் செத்துச்சு. என் கார்ல ஒழுகுன தண்ணியைக் குடிச்சுத்தான்.”

செந்தில்வேல் கையிலிருந்த பம்பையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அதுக்குத்தான் தெனமும் வாசலைக் கழுவுனீங்களா?”

“ஆமாண்ணே. நாய் வர்றதுக்குள்ள கழுவிரணும்ல.”

“வண்டி ஒழுகுதுன்னு சொன்ன நீங்க, இதையும் சொல்லியிருக்கலாமுங்களே?”

அழகுமலையின் பார்வை தேவிப்பிரியா மேல் போய்த் திரும்பியது.

தேவிப்பிரியா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க ஊட்டுக்காரர்கிட்ட உங்களைப் பத்தி நான்தான்…”

“தெரியும்க்கா. நேத்தே வந்து காலி பண்ணச் சொல்லிட்டாரு. சரின்னுட்டேன்.”

“ஏனுங்க தம்பி, அவருகிட்டயாவது உள்ளதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

அழகுமலை போசியை நாய்க்கு எட்டாத உயரத்தில், மதில்மேல் வைத்தார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

தேவிப்பிரியா அவரையே பார்த்தாள். கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

“அப்போ… நம்ம கருப்பி?”

“அது வயசான நாய்தானக்கா. வயசாகித்தான் போயிருக்கும். நீங்க அதை நெனச்சு மனசைப் போட்டு வருத்திக்காதீங்க” என்றார் அழகுமலை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கருப்பி, போன மாசம்தான் தாய்ப்பால் மறந்த குட்டி என்பது தெருவுக்கே தெரியும்.