கோணல் கரை

"என்ன பத்மஜா, பாம்பு ஊர்ந்த மாதிரி போட்டு வெச்சிருக்கே?"

எதிர்வீட்டு ஆதிலட்சுமி சாணித் தண்ணீர் வாளியோடு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கோலத்தைச் சுற்றிய கரைக்கோடு அப்படித்தான் நெளிந்து கிடந்தது.

"நாலு நாள்ல பண்டிகை. பீமவரத்துல எந்த வாசல்லயும் இப்படி ஒரு கண்றாவியைப் பாத்ததில்ல. மாமியாருக்குத்தான் கண்ணு சரியில்லையே, எதைப் போட்டா என்னன்னு நினைச்சுட்டியா?"

"மெதுவா பேசுங்கக்கா. அத்தை காதுல விழுந்துடும்."

போன வருஷமும் இதே மார்கழிதான். மாமியார் மங்கதாயாரு தினமும் வாசலுக்கு வந்து, "கோடு வளைஞ்சிருக்கும்மா" என்பார். கோடு நேராகத்தான் இருக்கும். மருமகளைக் குத்திக் காட்டுகிறார் என்றுதான் வீடே நினைத்தது. பத்மஜா ஒருநாள் கோலமாவுக் கிண்ணத்தை விட்டெறிந்தாள். பேச்சு வார்த்தை நின்றது.

அது கண் கோளாறு என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மாமியாருக்கு வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரின் தலைமுடி தெரியும், தோள் தெரியும். முகம் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

"வயசானா சிலருக்கு இப்படி வரும். இன்னொரு கண்ணையாவது பத்திரமா பாத்துக்கணும்," என்றார் டாக்டர். "நேர்க்கோடு நெளிஞ்சு தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க. கண்ணுல ஊசி போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். தள்ளிப் போட்டீங்கன்னா போனது போனதுதான்."

அன்றிலிருந்து பத்மஜா காலையில் கரைக்கோட்டை இழுத்துவிட்டு மாமியாரைக் கூப்பிடுவாள். "நேரா இருக்கும்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

நேற்று மங்கதாயாரு காபி டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தார். அது விழுந்து உருண்டது. பத்மஜாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்று வேண்டுமென்றேதான் கோட்டை நெளித்திருந்தாள்.

மங்கதாயாரு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"நூல் புடிச்ச மாதிரி இருக்கும்மா."

ஆதிலட்சுமி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பத்மஜா மாமியாரின் அருகே வந்தாள்.

"அத்தை, இது கோணல். நானே வேணும்னு கோணலாப் போட்டது. ஏன் பொய் சொன்னீங்க? ஊசிக்குப் பயமா?"

"நாலு பெத்தவளுக்கு ஊசி என்னடி ஊசி!" மங்கதாயாரு படியைத் தடவி உட்கார்ந்தார். "மாசம் பொறந்ததுலேருந்தே எல்லாம் வளைஞ்சுதான் தெரியுது."

"ஐயோ! சொல்லக் கூடாதா?"

"போன வருஷம் என் பேச்சால நீ சோறு தண்ணி இல்லாம அழுதே. இனிமே உன் கோலத்தைக் குறை சொல்ல மாட்டேன்னு சத்தியநாராயண சாமிக்குச் சத்தியம் பண்ணிட்டேன்மா."