இரண்டு வருட இடைவெளி

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன் வாயில் ஒரு துணிக்கீற்றைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டேன். சொட்டுகள் சத்தமில்லாமல் துணி வழியே இறங்கத் தொடங்கின.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஒற்றை அறையில், லேப்டாப்பின் முன்னால் என் மனைவி. மருந்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலைக்கான கடைசிச் சுற்று நேர்காணல். இதுவும் கைநழுவினால், வேலை தேடுவதற்கென்று இந்த நாடு கொடுத்த விசா முடிந்துவிடும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கேமராவின் கண்ணில் படாத இடம் எங்கள் வீட்டில் குளியலறை மட்டும்தான். ராமருக்கு வனவாசம், எனக்கு இது.

உறுமும் என்று ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியிருந்தோம். ஆனால் கீழ் வீட்டு நாயை என்ன செய்வது? அது காற்றடித்தாலும் குரைக்கும்.

இன்று சத்தமே இல்லை. குளியலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அதன் சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் கேட்கவேயில்லை. நேற்று மாடிப்படியில் பார்த்தபோது நேர்காணல் என்று இவள் சொன்னதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

நன்றிக்கு நாயைச் சொல்வார்கள். நாயின் சொந்தக்காரரிடம் எனக்கு இருக்கும் நன்றியை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை அவள்தான். கிடங்கு, குளிர்பெட்டி, காலாவதித் தேதி என்று எதைக் கேட்டாலும் மடமடவென்று பதில் வந்தது.

ஒத்திகை பார்த்தது என்னிடம். கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நான்தான் அதிகாரி. நான் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவளுடைய டீ ஆறிவிடும். இப்படி ஒரு அதிகாரி எந்த ஆபீசிலும் இருக்கமாட்டார் என்று சிரிப்பாள்.

எங்களுக்குப் பயம் ஒரே ஒரு கேள்விக்குத்தான். நடுவில் இரண்டு வருடம் எங்கும் வேலை பார்க்கவில்லையே, ஏன்?

அவளுடைய அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “உண்மையச் சொன்னா எவன் வேலை குடுப்பான்? ஏதோ கோர்ஸ் படிச்சேன்னு சொல்லிட்டுப் போ.”

அதையேதான் இதுவரை சொல்லிவந்தாள். ஆனால் அவளுக்குப் பொய் வராது. அந்த இடம் வந்ததும் குரல் கம்மிவிடும். எதிரே இருப்பவர்களும் நன்றி சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

இன்றும் அந்தக் கேள்வி வந்தது.

நான் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கோர்ஸ் என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். போச்சு என்று நினைத்தேன்.

பிறகு கம்மாத குரலில் சொன்னாள். கணவருக்கு மூளையில் ரத்தம் கட்டிப் பேச்சு போய்விட்டது. அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். முதல் ஆறு மாதம் ‘தண்ணி’ என்ற ஒரு சொல்தான். இந்த நேர்காணலுக்கு என்னைத் தயார்செய்ததே அவர்தான். நீங்கள் பரவாயில்லை, சீக்கிரம் கேட்டுவிடுகிறீர்கள்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். உடனே சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. ஊரார் காதில் விழக்கூடாது என்று நாங்கள் இத்தனை நாள் மூடிவைத்ததைப் போட்டு உடைத்துவிட்ட கலக்கம் அவள் முகத்தில் இருந்தது.

“கோவமாங்க?”

கோபமா? எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்காக வேலையை விட்டதை நீ ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை என்று சொல்ல வேண்டும். ‘தண்ணி’யை நான் முதன்முதலாக முழுசாகச் சொன்னபோது, நீ தண்ணீர் கொண்டுவர மறந்து அழுதாயே, அதைச் சொல்ல வேண்டும். நான் கொடுத்துவைத்தவன் என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் எல்லாம் இதோ இப்படித்தான், தடங்கலில்லாமல் ஓடும். நாக்குக்கு வந்து சேர்வதில்தான் தகராறு.

உதட்டைக் குவித்தேன். முதல் எழுத்து வரவில்லை.

அவளுடைய போன் அடித்தது. திரையில் அந்தக் கம்பெனியின் பெயர்.

அவள் எடுக்கவில்லை. போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தபடி, நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.