பதில் ஊதல்

மிசிசிப்பி நதியில் சரக்குப் படகுகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கியதும், எதிரே வருபவருக்குச் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டன. இருபது வருடம் அங்கே படகோட்டிய ஒடெஸாவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் கடக்கலாம் என்று ஒருவர் ஊதிக் கேட்பதும், மற்றவர் ஊதிச் சம்மதிப்பதும் அந்த நதியின் மரியாதை.

அன்று காலை தன் மீன்படகை நட்டாற்றில் நிறுத்தி, தன் இடப்பக்கமாகக் கடந்து போகிறாயா என்று ஒரு முறை ஊதினாள். எதிரே வந்த சரக்குப் படகு மோதாமல் நின்றது. பதில் மட்டும் இல்லை.

கரையிலிருந்த கம்பெனி மேற்பார்வையாளன் கர்ட்டிஸ் ரேடியோவில் கெஞ்சினான். "அக்கா, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியும். ஓரமா போயிடுங்களேன்."

"தெரிஞ்சா போதுமா தம்பி? கேட்டா பதில் சொல்லணும்."

"லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். அதுவரைக்கும் இதுவும் ஒரு படகுதான்."

பின்னால் இன்னும் மூன்று படகுகள் வந்து தேங்கின. ரேடியோவில் பெருமூச்சு கேட்டது.

"இருங்க. ஊதுற பொத்தான் எங்க இருக்குன்னு தேடுறேன்."

சற்று நேரத்தில் இரு கரையும் அதிரச் சரக்குப் படகிலிருந்து ஓர் ஊதல் எழுந்தது. ஒடெஸா தன் படகை வலப்பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் வழிவிட்டாள்.

"அந்தப் பொத்தான் இருக்கிற இடத்தை ஞாபகம் வெச்சுக்க தம்பி. நாளைக்கும் வருவேன்."