சத்தம் வராத பெட்டி

"இதுல சத்தம் ஏதும் வராதுல்ல தம்பி? எழுத்து மட்டும்தானே போகும்?"

ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த லோஜன் நிமிர்ந்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த அவனுடைய ரேடியோக் கடைக்குள் ஜன்னல் வழியாக மூடுபனி வந்து சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்தே பிறந்து வந்தவள் போல நின்றாள் கிருஷாந்தி டீச்சர். கையில், துவாயில் சுற்றிய ஒரு பழைய கம்பியூட்டர். டீவியோடு பொருத்திப் பார்க்கும் ரகம். இருபது வருஷப் பழசு.

"எழுத்து மட்டும்தான் டீச்சர். நீங்க இங்க டைப் அடிச்சா அங்க அவங்க டீவியில தெரியும். ஆனா இதுக்குக் கம்பெனி அடாப்டர் இப்பக் கிடைக்காது. வெளிநாட்டுல இருந்து எடுப்பிச்சா உங்க ஒரு மாசச் சம்பளம் போயிரும். நம்ம தயாரிப்பு எண்ணூறு ரூவாதான்!"

நம்ம தயாரிப்பு என்று அவன் தூக்கிக் காட்டியது ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டியை. உள்ளே, பழைய ரேடியோக்களில் கழற்றிய சாமான்களைக் கொண்டு அவனே செய்த நெட்வொர்க் அடாப்டர்.

"சவர்க்காரம் வாசம் வருதே தம்பி."

"எழுத்தெல்லாம் வாசமாப் போகட்டும் டீச்சர். அந்தப் பக்கம் யாரு?"

"அவருதான்."

"ஓ, உங்க வீட்டுச் சாரா? கட்டாரா, டுபாயா?"

கிருஷாந்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். தேயிலை மலையும் கோயில் கோபுரமும் பனிக்குள் கரைந்துபோயிருந்தன.

"ரொம்பத் தூரத்துல இருக்காரு. அவரு குரலக் கேட்டு மூணு மாசமாச்சு."

லோஜன் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தான். "ஒரு போன் கோல் எடுத்துப் பேசலாமே டீச்சர்?"

"பேச வாயெடுத்தா அழுதிருவேன்."

"கடுதாசி?"

"நாலு எழுதினேன். நாலையும் அடுப்புல போட்டேன். மனசு சரியில்லன்னா என் கையெழுத்தும் கோணிப்போயிரும். டைப் அடிச்சா எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிக்கும்ல?"

துவாயை விலக்கி, விசைகளை மெதுவாகத் தடவினாள். "இதே மாதிரி ஒண்ணு அவருகிட்டயும் இருக்கு. ரெண்டு பேரும் இங்க ஒரே கம்பியூட்டர் கிளாஸ்லதான் படிச்சோம். கிளாஸ மூடுறப்ப ஆளுக்கொண்ணு வாங்கிக்கிட்டோம். அப்பெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து ஏதாவது அடிச்சிட்டு, டீவிய என் பக்கம் திருப்புவாரு. சொல்ல வெக்கப்படுறத எல்லாம் அதுலதான் சொல்லுவாரு."

சொல்லும்போதே அவள் முகம் வேறொரு வயதுக்குப் போய்வந்தது. லோஜன் தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரின் எழுத்துகள் ஒவ்வொன்றாய் மலையை விட்டுக் கிளம்பி, கடலைத் தாண்டி, எங்கோ மணல் நடுவே ஒரு சின்ன அறையில் போய் இறங்குவதுபோல அவனுக்குத் தோன்றியது.

"எப்ப வேணும் டீச்சர்?"

"இன்னிக்கே. திங்கக்கிழமைக்கு அப்புறம் அவரு இன்னும் தூரமாப் போயிருவாரு. வேலையில இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டு, அதுவும் கிடைச்சிருச்சு. அதுக்குள்ள ஒரு வார்த்தை போகலைன்னா..." அவள் முடிக்கவில்லை.

"அந்தப் பக்கமும் ஒரு அடாப்டர் இருக்குல்ல?"

"அங்கயும் வேணுமா?"

"ஒரு பக்கம் மட்டும் மாட்டினா, நீங்க அடிச்சுக்கிட்டே இருப்பீங்க, அங்க ஒண்ணுமே தெரியாது டீச்சர்."

"மூணு மாசமா அப்படித்தான் தம்பி நடக்குது."

அவள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. பிறகு, சுவர்த் தட்டில் தயாராக இருந்த இன்னொரு சவர்க்காரப் பெட்டி அவள் கண்ணில் பட்டது. பக்கத்தில் கறுப்பு வயர் ஒன்று அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அதையும் எனக்குத் தந்திருங்களேன்."

"ஐயோ, அது ஒரு சாரோட ஓடர். பின்னேரம் வந்து எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. வாக்கு மாற மாட்டேன். இன்னொண்ணு செய்யவும் சாமான் இல்ல."

கிருஷாந்தி கம்பியூட்டரை மறுபடி துவாயில் சுற்றினாள். கதவு வரை போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். "பரவாயில்ல. ஒண்ணையாவது குடுங்க. என் பக்கமாவது தயாரா இருக்கட்டும்."

மறுக்க லோஜனுக்கு மனம் வரவில்லை. "சரி, வயர் வெட்டுறேன். போன் பெட்டியில இருந்து உங்க மேசைக்கு எத்தனை அடி வரும்?"

"போன் பெட்டி எதுக்கு? எங்க குவாட்டர்ஸ்ல போனே இல்லையே."

"அப்ப வயர எங்க இருந்து எங்க இழுக்கிறது?"

அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "எங்க குசினியில, அடுப்புக்குப் பக்கத்து மேசையில இருந்து, அவரு படுக்கிற முன்னறைக்கு. பன்னிரண்டு அடி. யாரு மொதல்ல பேசுறதுன்னுதான் தம்பி சண்டையே... டைப் அடிச்சா அது பேசினதாகாதுல்ல?"

கத்தரிக்கோலைப் பிடித்த லோஜனின் கை அப்படியே நின்றது. எழுந்துபோய், அந்தச் சாருடைய பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். அதன்மேல் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் கிருஷாந்தி குனிந்து படித்தாள்.

'சத்தம் வரக் கூடாது. வயர் பன்னிரண்டு அடி.'

எழுத்துகள் வரிசை தப்பி, கோணிக் கோணி நின்றன. அது அவள் வீட்டுக்காரரின் கையெழுத்து.