கறுப்புக் கயிறு

சீனிச்சாமியின் மூச்சு மதுரையிலிருந்து ஃபைபர் கேபிளில் வந்துகொண்டிருந்தது; வீட்டிலிருந்த அவருடைய மூச்சுக்கருவியை மதுரை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்தான் இயக்கியது. கட்டிலோரத்துக் கன்வர்ட்டர் பெட்டியில் காலையிலிருந்து சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியவே, டெக்னீஷியன் பெனிட்டா பெட்டிதான் பழுது என்று முடிவுகட்டிக் கேபிளை உருவினாள். இனி மூச்சுக்கருவி தானாக நான்கு நிமிடம் ஓடும். அதற்கு மேல் ஓடாது.

சீனிச்சாமியின் மனைவி குருவம்மாள் கேபிள் முனையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“அக்கா, உள்ள பாக்காதீங்க! வெளிச்சம் தெரியாது, ஆனா கண்ணு போயிரும்.”

பெனிட்டா அதைப் பிடுங்கித் துடைத்து, கொண்டுவந்திருந்த புதுப் பெட்டியில் செருகினாள். அதிலும் சிவப்புதான் எரிந்தது. கழற்றி மறுபடி செருகியும் மாறவில்லை. மூன்று நிமிடம் போய்விட்டது. மூச்சுக்கருவி கூவத் தொடங்கியது. பெனிட்டா கேபிளை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாக ஓடினாள். சாமி படத்துக்குப் பின்னால் விரல் தட்டியது. கேபிளை மடக்கி, ஆணியோடு சேர்த்து இறுக்கியிருந்தது ஒரு கறுப்புக் கயிறு.

பெனிட்டா கத்தரியை எடுத்ததும் குருவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அறுக்காத தாயி! நேத்து அமாவாசைக்குத் திருஷ்டி கழிச்சுக் கட்டுனது.”

“இதுதான்க்கா நெரிக்குது. விடுங்க!”

உதறிவிட்டு அறுத்தாள். கேபிள் நிமிர்ந்தது. பச்சை எரிந்தது. கூவல் நின்று, சீனிச்சாமியின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

“ஃபைபரப் போயி யாராச்சும் கயிறு போட்டுக் கட்டுவாங்களா?” பெனிட்டாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அறுந்த கயிற்றைப் பொறுக்கிக்கொண்டே குருவம்மாள் சொன்னாள்: “போன மாசம் மாட்டும்போது நீதான தாயி சொன்ன, இதுலதான் அவரு உயிரு இருக்கு, பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு.”